மார்ஷல், ஹெரால்டு: ஏறுன சொல்லும் இறங்குன சொல்லும்

இங்கிலாந்துல நார்ஃபோக் டியூக் பட்டத்தோட ஒட்டிக்கிட்டே வர்ற பதவி ஏர்ல் மார்ஷல், 1672-ல இருந்து அந்த வீட்டுக்கேதான் பரம்பரையா போகுது. முடிசூட்டு விழாவ நடத்துறது இவர்தான், கேடயச் சின்னங்கள பதிவு பண்ணி குடுக்குற லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்ல இருக்குற ஹெரால்டுங்கிற அதிகாரிங்களுக்கு மேலதிகாரியும் இவர்தான். ஆனா சொல்லோட பொறப்ப பாத்தா கதை தலைகீழ்.

மார்ஷல் பழைய ஜெர்மானியச் சொல்லு. 'மர்ஹ்'னா குதிரை, 'ஸ்கால்க்'னா வேலையாள், ஆக லாயத்துல குதிரைக்குப் புல்லு போடுறவன். குதிரைப்படை வச்சிருக்கவன்தான் ஜெயிப்பான்ங்கிற காலத்துல ராஜா குதிரைய மேய்ச்சவனே மெல்ல மெல்ல படைக்கு பெரிய ஆளாயிட்டான். ஹெரால்டு நேர் எதிரு, 'ஹரி'ன்னா படை 'வால்ட்'னா ஆளுறது, அதாவது படைய ஆண்டவன், அது இறங்கி இறங்கி தூது போறவன், போட்டி மைதானத்துல வீரன் பேர கூவுறவன்னு வந்து நின்னுச்சு. முகத்த மூடுன ஹெல்மெட் போட்டவன் யாருன்னு கேடயத்துல இருக்குற படத்த வச்சுத்தானே சொல்லணும், அதனால கூவுறவன் எல்லா படத்தையும் மனப்பாடம் பண்ணி சுருள்ல வரைஞ்சு வச்சான், அந்த அறிவுக்குப் பேருதான் ஹெரால்ட்ரி. இது விளையாட்டு இல்ல. 1385-ல ஸ்காட்லாந்து படையெடுப்புல ஸ்க்ரோப், குரோவ்னர்னு ரெண்டு பேரும் நீலக் கேடயத்துல சாய்வா ஒரு தங்கப் பட்டையோட வந்து நின்னு, அந்தச் சின்னம் யாருக்குன்னு கேஸ் ஆயிடுச்சு, கவிஞர் சாசரே சாட்சி சொன்னாரு, 1390-ல ராஜா ஸ்க்ரோப் பக்கம் தீர்ப்பு குடுத்தாரு.

1975-ல 17-வது டியூக்கான மைல்ஸ் ஃபிட்ஸாலன்-ஹோவர்ட் நிஜமாவே பட்டாளத்துக்காரர். கிரெனடியர் கார்ட்ஸ், 1944-ல மிலிட்டரி கிராஸ்ங்கிற வீரப் பதக்கம், மேஜர் ஜெனரலா ரிட்டயர் ஆனவர். அவருக்கும் ஏர்ல் மார்ஷல் பதவியில ஒரு சிப்பாய்கூட கிடையாது, கீழ இருந்ததெல்லாம் ரூஜ் டிராகன், புளூமேன்ட்டில்னு பேரு வச்ச அதிகாரிங்கதான். அதுல பெரியவரான கார்ட்டர் கிங்குக்கு (ராஜா இல்ல, பதவிப் பேரே அப்படி) அரசாங்கச் சம்பளம் இன்னிக்கும் வருஷத்துக்கு 49 பவுண்டு 7 பென்ஸ், மாசத்துக்கு இல்லங்க!

இந்தச் சொல்லையெல்லாம் தமிழ்ல எப்படி எழுதுறது? ஹெரால்டுக்கு கட்டியக்காரர் கச்சிதம், கூத்து பாத்தவங்களுக்கு விளக்கவே வேணாம். ஆனா ஹெரால்ட்ரிய கட்டியக்கலைன்னு எழுதுனா புகழ் பாடுற கலைன்னு ஆயிடும். கோட் ஆஃப் ஆர்ம்ஸ், அதாவது அந்தக் கேடயச் சின்னத்துக்கு சிலர் குலச்சின்னம்னு போடுறாங்க, எனக்கு அது ஒத்துவரல, இங்கிலாந்து முறைப்படி அது ஒரு ஆளுக்கு குடுத்து அவர் வாரிசுக்கு இறங்குறது, ஒரே குடும்பப் பேரு இருக்குற எல்லாருக்கும் சொந்தம் இல்ல. மரபுச்சின்னம், மரபுச்சின்னவியல் ரெண்டும் சரியா உக்காருது. சோழரோட புலிச் சின்னத்த புலிப்பொறின்னு சொல்ற மாதிரி பொறின்னே சொல்லலாம், அழகான சொல்லு, என்ன, இப்ப எல்லாருக்கும் எலிப்பொறிதான் ஞாபகம் வரும். ஏர்ல் மார்ஷல அப்படியே விட்ருங்க, தளபதின்னு போட்டா சண்டைக்குப் போறவர்னு நினைச்சுக்குவாங்க. அப்புறம் கிரெஸ்ட்னா முழுச் சின்னமும் இல்ல, ஹெல்மெட் உச்சியில நிக்கிற உருவம் மட்டும்தான், அதுக்கு முடியுருன்னு எழுதலாம்.