காந்தம் ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வரா?

சேலத்தில் உலோகப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் பணிபுரியும் என்னிடம், காந்தம் ஒட்டாததே அசல் எவர்சில்வர் என்று நம்பிக் குழம்பியவர்கள் அடிக்கடி வருவதுண்டு. சென்ற ஆண்டு உணவகம் நடத்தும் ஒருவர் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தார். ஒன்று, மூலையில் காந்தம் பிடித்ததால் போலி என்று திருப்பியனுப்பவிருந்த கழுவுதொட்டி. மற்றொன்று, காந்தமே ஒட்டாததால் நம்பி வாங்கி, உப்பும் புளியும் பட்டுச் சில மாதங்களில் துருப்புள்ளி கண்ட அண்டா. சோதித்ததில் தொட்டிதான் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 தர எவர்சில்வர் என்றும், அண்டா நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றிய 200 வரிசை என்றும் தெரிந்தது.

இரும்பு அணு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு காந்தத் திருப்புத்திறன், அதாவது ஒரு குட்டிக் காந்தம் போன்ற தன்மை, வைத்திருக்கலாம். ஆனால் அவை ஒரே திசையில் அணிவகுத்தால்தான் காந்தம் பிடிக்கும். அணிவகுக்க வைப்பது அண்டை அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு. ஆகவே காந்தம் நமக்குச் சொல்வது அந்த அணிவகுப்பைப் பற்றித்தான், துருப்பிடிக்குமா என்பதைப் பற்றியன்று.

இதை நான் கண்ணால் கண்டது கடோலினியம் என்ற அருமண் உலோகத்தில். அதன் திருப்புத்திறனைத் தரும் எலக்ட்ரான்கள் அணுவின் உள்கூட்டில் ஒடுங்கியிருப்பதால், பக்கத்து அணுவை நேரடியாகத் தொடுவதே இல்லை. உலோகமெங்கும் திரியும் கடத்தும் எலக்ட்ரான்கள்தாம் ஓர் அணுவின் தற்சுழற்சித் திசையை (அதன் குட்டிக் காந்தம் நோக்கும் திசையை) வாங்கி அடுத்த அணுவுக்குக் கொண்டுசேர்க்கின்றன. 1954இல் இயற்பியலாளர்கள் ரூடர்மேனும் கிட்டெலும் அணுக்கருக்களுக்காக எழுதிய இக்கணக்கை, 1956இல் கசுயாவும் 1957இல் யோசிடாவும் எலக்ட்ரான்களின் திருப்புத்திறனுக்கு விரித்தார்கள். இதில் வியப்பு, தூரம் கூடக்கூடப் பிணைப்பு தேய்வதோடு மாறிமாறித் திசையும் திருப்புகிறது என்பது. ஒரு தூரத்தில் இணையாக நிற்கச் சொல்வது, சற்றுத் தள்ளினால் எதிராக நிற்கச் சொல்லும்.

கடோலினியத்தில் இந்தப் பிணைப்பை வெப்பம் குலைக்கும் எல்லை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ். நூலில் கட்டிய ஒரு துண்டின் அருகே சேலத்து மே மாத நண்பகலில் சாதாரணக் கருங்காந்தத்தைக் காட்டினேன். நூல் லேசாகச் சாய்ந்ததோடு சரி. அதே துண்டை மார்கழி விடியலில் ஏற்காட்டில், 15 டிகிரிக்கும் கீழான குளிரில் தொங்கவிட்டபோது, காந்தம் நெருங்குமுன்பே தாவி ஒட்டிக்கொண்டது. உலோகம் மாறவில்லை, மலையேறியது மட்டுமே.

304இல் இரும்பு அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் பிணைப்பு வலுவற்றது; அறை வெப்பத்தில் அணிவகுப்பே இல்லை. மாங்கனீசு சேர்த்த 200 வரிசையும் அதே அடுக்குதான், அதனால்தான் கடைக்காரரின் காந்தம் இரண்டையும் ஒன்றாகவே காண்கிறது. தொட்டியின் மூலையை அச்சில் அழுத்தி இழுக்கும்போது அவ்விடத்தில் மட்டும் அடுக்கு குலைந்து, காந்தம் பிடிக்கும் வேறொரு படிகமாக மாறுகிறது. நிக்கல் ஏறக்குறைய இல்லாத 430 தரமோ முழுக்கவே ஒட்டும். கரண்டிகளுக்கு அது குறையுள்ள எஃகும் அன்று.

மொத்தமாக வாங்குவோர் தரச்சான்றைக் கேளுங்கள்; சான்றில் ஐயம் இருந்தால் ஒரு துண்டை ஆய்வுக்குக் கொடுங்கள், சில நிமிட வேலை. இன்டக்சன் அடுப்புக்குப் பாத்திரம் வாங்கும்போது மட்டும் காந்தத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள். அங்கே அடிப்பாகத்தில் ஒட்டியே ஆகவேண்டும்.