1248 சி.சி. டீசல் இன்ஜின்: அளவுகள் சொல்லும் கோளாறுகள்

சென்னையில் பழைய டீசல் கார் வாங்க விசாரிப்பவர் முன் ஒரே இன்ஜின் பல பெயர்களில் வந்து நிற்கும். மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ ஆகியவை வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகள். ஆனாலும் அவற்றின் 1.3 லிட்டர் டீசல் வகைகளில் பானட்டுக்குள் இருப்பது, இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 2003-இல் அறிமுகப்படுத்திய மல்டிஜெட் இன்ஜின்தான். மாருதி அதை டிடிஐஎஸ் என்றும், டாடா குவாட்ராஜெட் என்றும் அழைத்தன. 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களைக் கைவிட்டது. அதற்கு முன் விற்ற வண்டிகளோ இன்றும் ஓஎம்ஆரிலும் ஜிஎஸ்டி சாலையிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த இன்ஜினைப் பற்றி ஒர்க்‌ஷாப்களில் பேசப்படும் கோளாறுகள் எவையும் தற்செயலாக வருபவை அல்ல. அதன் விவரப் பட்டியலில் உள்ள நான்கைந்து எண்களின் பொருளை விளங்கிக்கொண்டால், எந்தப் பாகம் ஏன் கெடுகிறது என்பதையும் ஏறக்குறைய ஊகித்துவிடலாம்.

அதில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றின் விட்டம் 69.6 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 82 மி.மீ. இவற்றிலிருந்து கிடைக்கும் மொத்தக் கொள்ளளவுதான் 1248 சி.சி. சிலிண்டருக்கு நான்கு வீதம் 16 வால்வுகள் உண்டு. அவற்றை இயக்கும் கேம்ஷாஃப்ட்டுகளைச் சுழற்றுவது ரப்பர் பெல்ட் அன்று, உலோகச் செயின். ஸ்விஃப்டில் வந்த எளிய வடிவம் நிமிடத்துக்கு 4000 சுழற்சியில் 75 குதிரைத்திறனையும், 2000 சுழற்சியில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தருகிறது. அதே காரின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் தரும் முறுக்குவிசை சுமார் 115 நியூட்டன் மீட்டர்தான். ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு இன்ஜின்களுக்கு இடையில் இவ்வளவு வேறுபாடு வருவதற்கு முதற்காரணம் டர்போ.

வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாகி விரிவடைவதால், அதை இன்டர்கூலர் வழியாகக் குளிர்வித்த பிறகே சிலிண்டருக்கு அனுப்புகிறார்கள். காற்று கூடினால் அதற்கேற்ற டீசலை எரிக்கலாம். டீசல் கூடினால் விசை கூடும். ஆனால் புகையின் ஓட்டம் குறைவாக இருக்கும்போது டர்போவால் போதிய அழுத்தத்தைத் தர முடியாது. 75 குதிரைத்திறன் வடிவத்தில் 1800 சுழற்சிக்குக் கீழே வண்டி சோர்ந்து கிடப்பதும், 2000-ஐத் தொட்டவுடன் திடீரென்று பாய்வதும் இதனால்தான். ஐந்து பேரும் ஏசியுமாக வணிக வளாகத்தின் பார்க்கிங் சரிவில் ஏறும்போது இதை எவரும் உணரலாம். இதைக் கோளாறு என்று நினைத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போவோர் உண்டு. இது கோளாறு அல்ல, சிறிய கொள்ளளவுக்குக் கொடுக்கும் விலை. 90 குதிரைத்திறன் வடிவத்தில் புகை டர்போவைத் தாக்கும் கோணத்தை மாற்றும் நகரும் இதழ்கள் இருப்பதால், 200 நியூட்டன் மீட்டர் விசை 1750 சுழற்சியிலேயே கிடைக்கிறது.

உண்மையான கோளாறு என்பது முன்பு பாய்ந்த வண்டி இப்போது பாயாமல் போவது. ‘பிக்கப் இல்லை’ என்று வரும் வண்டியில் டர்போவை மாற்றுவதற்கு முன் இன்டர்கூலரின் ரப்பர் ஹோஸ்களைப் பார்க்க வேண்டும். வெப்பத்தாலும் உள்ளே படியும் ஆயில் ஈரத்தாலும் ரப்பர் வெடித்துவிடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ‘உஸ்’ என்ற சத்தமும் பின்னால் கரும்புகையும் வந்தால், அழுத்திய காற்று அந்த வெடிப்பு வழியாக வெளியேறுகிறது என்று பொருள். ஒரு ஹோஸின் விலைக்கும் ஒரு டர்போவின் விலைக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது என்பதால், இந்தச் சோதனையைச் செய்யாமல் டர்போவைக் கழற்ற எந்த உரிமையாளரும் சம்மதிக்கக் கூடாது.

அடுத்து நாம் கவனிக்க வேண்டிய எண், விளம்பரங்களில் இடம்பெறாத ஒன்று: இந்த இன்ஜின் கொள்ளும் ஆயில் சுமார் 3 லிட்டர்தான். அந்த 3 லிட்டரின் வேலையைப் பாருங்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுழற்சிகளுக்கு மேலும் சுற்றக்கூடியது; அது உலோகத்தைத் தொடாமல், மெல்லிய ஆயில் படலத்தின் மீது மிதந்தபடிதான் சுற்றுகிறது. தண்டின் ஒரு முனையில் உள்ள சக்கரம் பல நூறு டிகிரி சூடான புகையில் நிற்கிறது. பிஸ்டன்களைக் கீழிருந்து குளிர்விப்பதும் இதே ஆயில்தான். டைமிங் செயினை, அதாவது கேம்ஷாஃப்ட்டுகளைப் பிஸ்டன்களோடு இசைவாகச் சுழற்றும் அந்த உலோகச் செயினை, தளராமல் பிடித்திருக்கும் டென்ஷனர் இயங்குவதும் இதே ஆயிலின் அழுத்தத்தால்தான். டீசல் எரியும்போது உண்டாகும் கரியின் ஒரு பகுதியும் இந்த 3 லிட்டரில்தான் வந்து கலக்கிறது. எனவே மாற்றிய சில நாட்களிலேயே ஆயில் கறுத்துப் போவது இயல்பானது, அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதைப் பார்த்துத்தான். 5 லிட்டர் கொள்ளும் இன்ஜினில் ஒரு லிட்டர் குறைந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் போகிறது. இதிலோ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

செயினுக்கு ஆயுட்காலம் முழுவதும் பராமரிப்பே தேவையில்லை என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. நல்ல ஆயில் உரிய அளவில் இருக்கும்வரைதான் அது மெய். ஆயில் கெட்டித்தாலும் குறைந்தாலும் டென்ஷனர் தளர்கிறது. செயினின் கண்ணிகள் தேய்ந்து அதன் நீளமும் சிறிது சிறிதாகக் கூடுகிறது. இதன் முதல் அறிகுறியைக் காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது கேட்கலாம்: இன்ஜினின் ஒரு பக்கத்திலிருந்து ஓரிரு நொடிகள் ‘கடகட’வென்று உலோகச் சத்தம் வந்து, ஆயில் அழுத்தம் ஏறியவுடன் அடங்கிவிடும். அந்த நிலையில் செயின் தொகுப்பை மாற்றிவிட்டால் செலவு அதோடு நிற்கும். தள்ளிப்போட்டால் செயின் ஒரு பல் தாவி, பிஸ்டனும் வால்வும் மோதி, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் உடைந்து, சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டிய நிலை வரும். பழைய வண்டி பார்க்கப் போகும்போது, விற்பவர் இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இந்தச் சத்தம் மறைந்துபோகும். ஆகவே இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து கேட்பதே சரியான முறை.

சென்னையின் நெரிசல் தனியாக ஒரு தொல்லையைத் தருகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காக, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை இஜிஆர் வால்வு மறுபடியும் உள்ளே அனுப்பி, எரியும் வெப்பநிலையைத் தணிக்கிறது. குறைந்த சுழற்சியில் ஊர்ந்து செல்லும்போதுதான் இந்த வால்வு அதிகம் திறந்திருக்கும். புகையில் உள்ள கரியும் இன்ஜினின் உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் ப்ரீதர் குழாயில் வரும் ஆயில் ஆவியும் கலந்து, தார் போன்ற படலமாக வால்விலும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டிலும் படிந்துவிடும். வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் ஐடிலிங் தடுமாறும், புகை கூடும், இன்ஜின் விளக்கு எரியும். வால்வைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று சில மெக்கானிக்குகள் யோசனை சொல்வார்கள். அடைத்தால் கூடும் நைட்ரஜன் ஆக்சைடுகளை நகரமே சுவாசிக்க நேரும் என்பதால் அதை நான் ஏற்பதில்லை. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வதும், வாரம் ஒருமுறையாவது புறவழிச்சாலையில் அரை மணி நேரம் 2000 சுழற்சிக்கு மேல் ஓட்டுவதும் போதுமானவை.

டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான காமன் ரெயில் குழாயில் டீசல் 1400 முதல் 1600 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) காத்திருக்கிறது. ஒரே எரிப்புச் சுழற்சியில் அது பல சிறு பீச்சல்களாகப் பிரித்துத் தெளிக்கப்படுகிறது. உள்ளே நகரும் பாகங்களுக்கு இடைவெளி சில மைக்ரான்களே. டீசலே அவற்றுக்கு உயவு. நீர் கலந்த டீசல் அவற்றை விரைவில் அரித்துவிடும் என்பதால் மழைக்காலத்தில் டீசல் ஃபில்டரில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். இன்ஜெக்டரின் அடியில் உள்ள செம்பு வாஷர் கசிந்தால், இன்ஜெக்டரைச் சுற்றிக் கருமையான பிசின் இறுகியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கடைசி எண்தான் சென்னைக்காரர்களுக்கு மிக முக்கியமானது. டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்காக அழுத்தி, அதன் வெப்பத்தால்தான் டீசல் பற்றுகிறது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 312 சி.சி. அந்தக் கணக்கில், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 18 அல்லது 19 சி.சி. மட்டுமே. அதாவது நான்கு தேக்கரண்டி நீர் சிலிண்டருக்குள் புகுந்தாலே பிஸ்டன் உச்சிக்குப் போக இடமில்லை. நீரை அழுத்திச் சுருக்க முடியாது, இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோ நிற்காது, பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு இடையில் சிக்கி வளைகிறது. டீசல் இன்ஜின் காற்றைத் தடையின்றி உறிஞ்சுவதால், ஏர் ஃபில்டரின் வாய் நீரில் மூழ்கிய கணமே இது நடந்துவிடலாம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அது மிகச் சரியான முடிவு.

தேங்கிய நீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடியும் சாவியைத் திருகக் கூடாது. நின்றபோது தப்பிய ராடு, ஸ்டார்ட்டர் மோட்டாரின் விசையில் வளையக்கூடும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியை இழுத்துச் சென்று, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ஃபில்டர் காய்ந்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. நனைந்திருந்தால் ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் நான்கு க்ளோ ப்ளக்குகளையும் கழற்றிவிட்டு, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான க்ராங்க் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, அந்தத் துளைகள் வழியாக நீர் முழுவதும் வெளியேறிய பிறகு ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றி, அதன் பின்னரே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.