பாஸ்கியூல் பாலத்துக்குத் தமிழ்ப் பெயர்

சிகாகோ நகரத்தில், ஆற்றின் தென்கிளைமேல் ஒரு பழைய ரயில் பாலம் இருக்கிறது. பெயர் செயின்ட் சார்லஸ் ஏர் லைன். 1919இல் கட்டியது. கப்பல் வந்தால் தண்டவாளத்தோடு அப்படியே ஒரு பக்கமாக நிமிர்ந்து நிற்கும். 1930களின் தொடக்கத்தில் ஆற்றை நேராக்கியபோது பாலத்தையே இடம் மாற்றினார்கள். 260 அடி நீளம் 220 ஆகக் குறைந்தது. இந்த வகைப் பாலத்துக்குத்தான் பாஸ்கியூல் என்று பெயர்.

அது பிரெஞ்சுச் சொல். பிள்ளைகள் ஏறி ஆடும் சீசா பலகையைக் குறிக்கும். இன்னும் பழைய வடிவம் பாக்யூல்: 'அடிப்பது', 'பிட்டம்' என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. சீசா ஆடிக் கீழே இடித்துக்கொண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பலகையின் ஒரு முனையில் பாலம். மறுமுனையில் அதற்கு ஈடான எடை. சிகாகோ பாலத்தை வடிவமைத்த ஜோசப் ஸ்ட்ராஸ், விலை கூடிய இரும்புக்குப் பதில் கான்கிரீட்டை எடையாக வைத்தார். கான்கிரீட் இரும்பைவிட லேசு, அதனால் கட்டி பெரிதாக வேண்டும். அந்தப் பாலத்தில் அது தண்டவாளத்துக்கு மேலே வீடுபோல் தொங்குகிறது. இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால், உராய்வையும் காற்றையும் வெல்லும் அளவுக்கு மோட்டார் இருந்தால் போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தூக்குப்பாலம்' என்று பாம்பன் வழியாக நமக்குப் பழக்கம். 1914இல் திறந்த அந்தப் பாலத்தின் தூக்கும் பகுதியும் சிகாகோப் பொறியாளர் ஷெர்சரின் வடிவமைப்புதான். அருமையான சொல். தூக்கு என்றால் உயர்த்துவது மட்டுமல்ல, எடை பார்ப்பதும்தான். 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' என்று குறளே சொல்கிறது. ஆனால் 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலம் லிஃப்ட் போல நேராக மேலே போகிறது. அதையும் தூக்குப்பாலம் என்கிறோம். ஆகவே அது பொதுப்பெயராக இருக்கட்டும்.

பாஸ்கியூலுக்குத் தனிப்பெயர் வேண்டுமென்றால் நான் 'துலாப்பாலம்' என்பேன். கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தை வைத்து 'ஏற்றப்பாலம்' என்றால் மேடேறும் பாலம் என்று நினைத்துவிடுவார்கள். துலா வடமொழிவழி வந்ததுதான். ஆனாலும் யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளில் ஊறிய சொல். ஒருவர் துலாமரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, மறுமுனையில் தண்ணீர் மேலே வரும். ஸ்ட்ராஸின் கான்கிரீட் கட்டி, அந்த மரத்தில் நடந்தவரின் வேலையைத்தான் செய்தது.