அலாய் வீலில் ஊரும் வெள்ளைப் புழு

மதுரையில் செகண்ட்ஹேண்ட் கார் வாங்கிக் கொஞ்ச நாள் ஓட்டியவர்களுக்கு இது பழக்கமான காட்சி. அலாய் வீலின் ஓரத்தில் தலைமுடி மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடுகள், பளபளப்பான கோட்டிங்குக்கு அடியிலேயே நெளிந்து நெளிந்து போகும். நகத்தால் சுரண்டினால் கோட்டிங் செதிலாக உரியும், அடியில் வெள்ளைப் பொடி இருக்கும். பாலிஷ் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

இந்த வீல்கள் பெரும்பாலும் 7 சதவீதம் அளவுக்குச் சிலிக்கானும் துளி மக்னீசியமும் சேர்ந்த அலுமினியக் கலவை. அலுமினியத்தின் மேல் காற்று பட்ட உடனே ஆக்சைடு படலம் உருவாகிவிடும். கனம் சில நானோமீட்டர்தான், ஆனால் கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். அமிலமோ காரமோ அதிகமானால் கரைந்துவிடும். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைக்காதே என்று வீட்டில் சொல்வதன் காரணமும் இதுதான். காஸ்டிக் சோடா கலந்த கிளீனரை வீலில் ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அது ஹைட்ரஜன், உலோகமே கரைகிறது.

உப்பு வேறு விதமாகத் தாக்கும். தனுஷ்கோடி வரை போய் வந்த வண்டி, உப்புத் தண்ணீர் வரும் போர்வெல்லில் கழுவி அப்படியே வெயிலில் காயவிட்ட வண்டி, இரண்டிலும் குளோரைடு தங்குகிறது. கல் தெறித்தோ, பிளாட்பாரத்தில் உரசியோ கோட்டிங் உடைந்த இடத்தில் அது ஈரத்தோடு உள்ளே நுழையும். வெள்ளைக் கோட்டின் நுனியில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அங்கே அமிலத்தன்மை ஏறி அலுமினியம் கரையும். பின்னால் ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில் அது வெள்ளை ஹைட்ராக்சைடாகப் படியும். நுனி தின்றுகொண்டே முன்னேற, வால் நீளும். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புழுவுக்குக் கொண்டாட்டம்.

ஆகவே வீட்டில் செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, சுத்தத்தை. கோடு கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் கோட்டிங்கை எடுத்துவிட வேண்டும். வெள்ளைப் பொடி துளி மிஞ்சினாலும் புது பெயிண்டுக்கு அடியில் மறுபடி கிளம்பும். உப்புத்தாளில் சொரசொரப்பான 120 நம்பரில் ஆரம்பித்து, 220, 400 என்று ஏறலாம். பெயிண்ட் அடிக்கப் போகிறவர் அதற்கு மேல் வழவழப்பாக்கத் தேவையில்லை. பிரைமருக்குப் பிடிமானம் வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிட்டு, தின்னர் துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அன்றைக்கே எட்ச் பிரைமர் அடித்துவிடுவது நல்லது. அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு கலர், கடைசியில் கிளியர் கோட். எல்லாமே மெல்லிய பூச்சுகளாக, இடைவெளி விட்டு. சித்திரை வெயிலில் அடித்தால் துளி பரவும் முன்பே காய்ந்து, ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகிவிடும். அதிகாலை நிழலில் அடியுங்கள். ஹார்டனர் கலக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் அதற்குப் போதாது.

பெயிண்ட் இல்லாமல் வெறும் உலோகத்தை மினுக்கி விடுகிறவர்களும் உண்டு. அழகுதான். ஆனால் அடிக்கடி பாலிஷ், வேக்ஸ் என்று உட்கார வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

விரிசல் விட்ட, நெளிந்த வீல் வீட்டு வேலை அல்ல. இந்த உலோகத்தை 540 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி 150 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்துத்தான் பலம் ஏற்றுகிறார்கள். கேஸ் டார்ச் காட்டினால் அந்தப் பலம் போய்விடும்.

இன்னொன்று: ஹப்போடு (வண்டியில் வீலை மாட்டும் நடுப்பாகம்) ஒட்டும் பின்பக்கத்திலும், நட் உட்காரும் குழிகளிலும் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே பூச்சு கனமாக இருந்தால் ஓட ஓட அமுங்கி, முறுக்கிய நட் தளர்ந்துவிடும்.