கறுப்புக் கல்லும் கன்னத்து மங்கும்

சித்திரை மாத உச்சி வெயிலில் எங்கள் காரைக்குடி வீட்டு முற்றத்தோரம் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பதித்த ஆத்தங்குடிக் கல் எல்லாவற்றிலும் ஒரே வெயில்தான், ஆனாலும் வெள்ளையில் நிற்கலாம், கறுப்பில் கால் பட்டால் துள்ள வேண்டியதுதான். பார்லரில் 'போட்டோ பேஷியல்' என்கிறார்களே, முகத்துக் கரும்புள்ளியை ஒளி அடித்து எடுக்கிற அந்த ஐபிஎல் (கிரிக்கெட் இல்லை, 'இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்') வேலை செய்வதும் இப்படித்தான்.

கைப்பிடிக்குள் இருக்கும் செனான் விளக்கு சில மில்லிசெகண்டு மின்னும். சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பல அலைநீளம் கலந்த ஒளி. நம் சன்னல் மேலிருக்கும் கலர் கண்ணாடி சிவப்பை மட்டும் உள்ளே விடுகிறதல்லவா, அது மாதிரி ஒரு பில்டர் வேண்டாத குறைந்த அலைநீளங்களைத் தடுத்துவிடும். மீதியை, புள்ளியில் இருக்கிற மெலனின் என்ற கறுப்பு நிறமியும் மெல்லிய ரத்தக்குழாயில் ஓடும் ஹீமோகுளோபினும் உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூடு பக்கத்துத் தோலுக்குப் பரவுவதற்குள் ஒளி நின்றுவிட வேண்டும், சூட்சுமமே அதில்தான். 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் விளக்கியது இது. புள்ளி முதலில் இன்னும் கறுத்து, காபித்தூள் ஒட்டின மாதிரி பொருக்காகி, ஒரு வாரம் பத்து நாளில் உதிரும். தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் கூடித் தோல் இறுகும் என்பார்கள். கூடும், ஆனால் கொஞ்சம்தான், அதுவும் மாதக்கணக்கில்.

சரி, நம்ம ஊர்த் தோலுக்கு வருவோம். வெள்ளைக் கல்லில் ஒரு கறுப்புப் பூ என்றால் ஒளி பூவை மட்டும் பிடிக்கும். நமக்குக் கல்லே கறுப்பு! வெள்ளைத் தோலுக்கு வைக்கிற அளவையே நமக்கும் வைத்தால் முகம் வெந்து, புண் ஆறின இடம் முன்னைவிடக் கறுத்துப்போகும். அதனால்தான் விவரம் தெரிந்த தோல் டாக்டர்கள் சக்தியைக் குறைத்து, மின்னும் நேரத்தைக் கூட்டி, தோலைக் குளிரவைத்து, முதலில் ஓர் ஓரத்தில் அடித்துப் பார்க்கிறார்கள். சிலர் ஐபிஎல்லே வேண்டாமென்று, மெலனின் அவ்வளவாக உறிஞ்சாத 1064 நானோமீட்டர் லேசருக்குப் போய்விடுகிறார்கள்.

அறுபதாம் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரியம்மா கேட்டார்: "ஏத்தா, கன்னத்துல இருக்க இந்த மங்கு, லைட் வச்சு எடுத்துரலாமாம்ல?"

மங்கு (டாக்டர்கள் மெலாஸ்மா என்கிற, கன்னத்தில் படரும் கருந்திட்டு) சாதாரணப் புள்ளி மாதிரி இல்லை. சூடு பட்டாலே நிறமிச் செல்கள் உசுப்பேறிவிடும். கொஞ்ச நாள் வெளுத்த மாதிரி இருந்துவிட்டு, அப்புறம் இன்னும் அடர்த்தியாகத் திரும்பலாம். இதையெல்லாம் சொல்லி, முதலில் தோல் டாக்டரிடம் காட்டுவோம், அதுவரை வெயிலில் வற்றல் காயப்போடப் போகாதீர்கள் என்றேன்.

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப போட்டோக்காரன்கிட்டச் சொல்லிரு, அவன் எடுத்துவிட்ருவான்."