கடல் திகில் டாலருக்கு நிஜக் கடல்குதிரை வேண்டாம்

பெங்களூரு நகரத்பேட்டையில் வெள்ளி வேலை செய்கிறேன். கொஞ்ச காலமாகக் கடல் திகில் கதைகள் படிக்கிறவர்கள் பட்டறையைத் தேடி வருகிறார்கள். ஆழத்தில் உறங்கும் பூதம், ஆளே இல்லாமல் மிதந்து வரும் கப்பல், பாய்மரத்தை வளைத்துப் பிடிக்கும் கைகள் என்று நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவின் மலிவு விலை இதழ்களில் வளர்ந்த கற்பனையை இன்று அல்சூரிலும் ஒயிட்ஃபீல்டிலும் இருக்கும் நம் பிள்ளைகள் கழுத்தில் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஆனால் ஒரு கோரிக்கையை மட்டும் எப்போது வந்தாலும் மறுத்துவிடுகிறேன். "அண்ணா, ராமேஸ்வரம் போனப்ப வாங்கின காஞ்ச கடல்குதிரை ஒண்ணு இருக்கு. அதையே ரெசின்ல போட்டு டாலர் பண்ணித் தர முடியுமா?"

முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. அது புலி, யானை, மான் சம்பந்தப்பட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2001இல் கடல்குதிரை இனங்கள் அத்தனையும் அந்தச் சட்டம் பாதுகாக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டன. பாறை கட்டும் பவளங்கள், கறுப்புப் பவளம், கடல் விசிறி, அறை அறையாகச் சுருண்டிருக்கும் நாட்டிலஸ் ஓடு ஆகியவையும் பாதுகாக்கப்பட்டவையே. திமிங்கிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிரினம் என்றால் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

இதில் யாரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, வழக்கு என்று வந்து பொருள் உங்களிடம் இருந்தது நிரூபணமாகிவிட்டால், அது முறைகேடாக வந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. கடற்கரைத் தள்ளுவண்டியில் வாங்கியதற்கு எந்த பில்லை நீட்டுவீர்கள்? விற்றவர் எங்கோ இருப்பார், டாலர் உங்கள் கழுத்தில் இருக்கும்.

"அது எப்படியும் வலையில் மாட்டிச் செத்ததுதானே அண்ணா" என்பார்கள். பாக் நீரிணையில் இழுவலையில் மற்ற மீனோடு கடல்குதிரையும் சேர்ந்து ஏறுவது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது என்று தெரிந்த பிறகு, உயிரோடு ஏறியதைக் கடலில் திருப்பி விட யாருக்கு மனசு வரும்? அதில் ஒன்று குஞ்சு சுமக்கும் ஆணாகவும் இருக்கலாம். கடல்குதிரையில் ஆண்தான் பையில் முட்டையைச் சுமந்து குஞ்சு பொரிக்கும். அதைக் கொண்டுபோய் ரெசினில் புதைப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை.

இன்னொரு வழியும் சிலர் கேட்கிறார்கள். காய்ந்த உடலைச் சூடு தாங்கும் அச்சுமாவில் புதைத்து, சூளையில் 700 டிகிரிக்குப் பக்கத்தில் எரித்து, அந்தக் குழிக்குள் வெள்ளியை ஊற்றினால் உடலின் ஒவ்வொரு வரியும் அப்படியே விழும். இலை, காய்ந்த பூ, விதைக்காய்க்கு நானும் செய்வதுண்டு. கடல்குதிரைக்குச் செய்ய மாட்டேன். முடிந்த டாலரில் உடல் இல்லை என்பது உண்மை. ஆனால் பட்டறைக்குள் அது வந்ததும் எரிந்ததும் இல்லையென்று ஆகிவிடாது.

கறுப்புப் பவளம்தான் இந்த ரசிகர்களுக்கு அதிகம் விற்கப்படுவது. கறுப்பாக, கிளை கிளையாக, மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்ததுபோல் இருக்கும். சூடான ஊசியை வைத்து, முடி பொசுங்கும் வாசனை வந்தால் அசல் என்று சொல்வார்கள். எருமைக் கொம்பிலும் அதே வாசனைதான் வரும், அதை நம்பாதீர்கள். குறுக்காக வெட்டிய முகத்தை லென்ஸில் பாருங்கள். மரத்தில் இருப்பதுபோல் வளையம் வளையமாக இருந்து, மெருகு ஏறாத இடத்தில் நுண்ணிய முள் தட்டுப்பட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள். மோதிரத்தில் பதிக்கிற சிவப்புப் பவளத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது வேறு இனம், பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. பூஜைச் சங்கும் இந்தப் பட்டியலில் இல்லை. சுறாப்பல் என்றால், எந்தச் சுறா என்று பல்லை மட்டும் வைத்துச் சொல்வது சிரமம் என்பதால் நான் தொடுவதே இல்லை.

சரி, அப்புறம் எதில் செய்வது? கறுப்புக்குக் கருங்காலி இருக்கிறது, எருமைக் கொம்பு இருக்கிறது. நன்றாக மெருகேற்றிய கொம்பில் ஈரம் பட்டதுபோல ஒரு பளபளப்பு வரும். கறுப்புப் பவளம் அதன் பக்கத்தில் நிற்காது. திமிங்கிலப் பல்லில் ஊசியால் கீறி, விளக்குக் கரியைத் தேய்த்துப் படம் வரைவது பழைய வேட்டைக் கப்பல் மாலுமிகளின் கலை. அதே கீறலை எருமை எலும்பில் செய்தால் கோடு இன்னும் சுத்தமாக விழுகிறது.

உருவத்துக்குப் பச்சை மெழுகுதான் என் வழி. கையால் செதுக்கி, அச்செடுத்து, 92.5 வெள்ளியில் வார்த்து, கந்தகக் கரைசலில் கறுக்கவிட்டு, மேடுகளை மட்டும் தேய்த்து வெளுக்க வைக்கிறேன். பள்ளத்தில் தங்கும் கறுப்புதான் திகிலைத் தருகிறது. நிஜ உயிரினம் தேவைப்படுவது இங்கே கண்ணால் பார்த்துக்கொள்வதற்குத்தான். ஆக்டோபஸ் எனப்படும் பேய்க்கணவாயின் எட்டுக் கைகளிலும் உறிஞ்சிகள் நீளம் முழுக்க ஓடும். ஒவ்வொன்றும் மழமழப்பான கிண்ணம். ஸ்க்விட் எனப்படும் ஊசிக்கணவாய்க்கு எட்டுக் கைகள் போக நீளமான இரண்டு கைகள் உண்டு, அவற்றில் நுனியில் மட்டும்தான் உறிஞ்சி. ஒவ்வொன்றும் சின்னக் காம்பின் மேல், உள்ளே பல் வைத்த வளையத்தோடு இருக்கும். திமிங்கிலத்தின் தோலில் ராட்சதக் கணவாய் விட்டுப்போகும் வட்ட வட்டத் தழும்பு அந்த வளையத்தால் வருவது. கைவேலை என்று விலை சொல்லும் டாலரை வாங்கும்போது இதைப் பாருங்கள். இரண்டையும் போட்டுக் குழப்பியிருந்தால், செய்தவர் எந்தக் கணவாயையும் உற்றுப் பார்த்ததில்லை.

பாதுகாக்கப்பட்ட பொருள் ஏற்கனவே வீட்டில் இருந்தால் விற்காதீர்கள், பரிசாகக் கொடுக்காதீர்கள், என்னைப் போன்ற வேலைக்காரரிடமும் கொண்டுவராதீர்கள். முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள், அப்புறம் அவர் சொல்வதுபோல் வனத்துறையை அணுகுங்கள். பெங்களூரில் அவர்களுடைய தலைமை அலுவலகமான அரண்ய பவன் மல்லேஸ்வரத்தில் இருக்கிறது. புதிதாக வாங்குகிறீர்கள் என்றால், பில்லில் 'வெள்ளி டாலர்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். உள்ளே இருப்பது கொம்பா, எலும்பா, மரமா, ரெசினா என்று பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.