பாக்கெட்டின் முதுகில் ஒரு முகவரி

2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவமனைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கொட்டியவர்கள் இருட்டோடு இருட்டாகப் போய்விட்டாலும், குப்பையோடு கிடந்த காகிதங்களில் மருத்துவமனையின் பெயர் அச்சாகியிருந்தது. விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மூன்று நாளுக்குள் கேரளமே எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றது தென்மண்டல அமர்வு. டிசம்பர் 22 அன்று அங்கிருந்து லாரிகள் வந்தன, அள்ளின, எல்லை தாண்டிப் போயின. எங்கள் பக்கத்து டீக்கடையில் நாலைந்து நாள் இதே பேச்சுதான். “யாரு குப்பையோ அவன்தான அள்ளணும்?” என்றார் ஒரு பெரியவர். யாரும் மறுக்கவில்லை.

அவர் காலடியில் ஒரு சிப்ஸ் பாக்கெட் கிடந்தது. அதன் முதுகிலும் கம்பெனியின் பெயர், ஊர், பின்கோடு எல்லாம் இருந்தன. அதை அள்ள அந்த ஊரிலிருந்து லாரி வராது. மறுநாள் காலை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் வருவார். அவர் சம்பளம் நம் வீட்டு வரியில் இருக்கிறது. இரண்டு குப்பைக்கும் நடுவே நியாயம் எங்கே மாறுகிறது என்று அன்று யோசிக்க ஆரம்பித்தேன். பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இதற்குப் பதில் கிடைக்காது.

முதலில் ஒரு சின்ன சோதனை. ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காலித் தண்ணீர் பாட்டிலைக் கத்தரித்துத் துண்டு துண்டாக்குங்கள். அந்தத் துண்டுகளையும், மூடியையும், சுற்றியிருந்த லேபிளையும் வாளியில் போட்டுக் காற்றுக்குமிழி ஒட்டாதபடி ஒரு கலக்குக் கலக்குங்கள். பாட்டில் துண்டுகள் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூடி மிதக்கும். சாதாரண பிளாஸ்டிக் லேபிளாக இருந்தால் அதுவும் மிதக்கும். பாட்டில் ‘பெட்’ என்ற பிளாஸ்டிக்; அதன் அடர்த்தி தண்ணீரைப் போல சுமார் 1.38 மடங்கு. மூடி பாலிஎத்திலீனோ பாலிபுரொப்பிலீனோதான். இரண்டுமே தண்ணீரைவிட லேசு. மறுசுழற்சி ஆலைகளில் நடப்பதும் இதேதான், வாளிக்குப் பதில் பெரிய தொட்டி. அரைத்து, தண்ணீரில் விட்டு, மிதப்பதை ஒரு பக்கமும் மூழ்குவதை ஒரு பக்கமும் எடுத்துவிடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு பிரிக்க வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து உருக்கினால் என்ன? பாலிஎத்திலீன் 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். பாலிபுரொப்பிலீனுக்கு 160 டிகிரி தாண்ட வேண்டும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். சூடு ஒத்துப்போனாலும், உருகிய பிறகு இவை ஒன்றோடொன்று கலப்பதில்லை. நம்மூர் சொதி தெரியுமல்லவா, தலைப்பால் ஊற்றியபிறகு கொதிக்கவிட்டால் திரிந்து, எண்ணெய் தனியே தண்ணீர் தனியே நிற்கும். பிளாஸ்டிக்கிலும் அப்படித்தான். கண்ணுக்குக் கலந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே துளித்துளியாகப் பிரிந்தே நிற்கும். ஆறியதும் அந்த இடைவெளியில் உடையும். அதில் நாற்காலி செய்து உட்காரச் சொன்னால் நான் உட்கார மாட்டேன்.

இப்போது அந்த சிப்ஸ் பாக்கெட்டை வாளியில் போடுங்கள். அது மிதந்தால் என்ன, மூழ்கினால் என்ன, ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. காரணம், அது ஒரே பொருள் இல்லை. வெளியே அச்சிட்ட ஒரு படலம், உள்ளே அலுமினியம் பூசிய ஒரு படலம், அதற்கும் உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு படலம், நடுநடுவே பசை. அலுமினியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். பெரும்பாலும் அதன் தடிமன் 100 நானோமீட்டருக்கும் குறைவு. நம் தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லிய பூச்சுக்கு அங்கே என்ன வேலை? வறுத்த பண்டத்துக்கு இரண்டு எதிரிகள். ஈரக்காற்று பட்டால் நமுத்துப்போகும். ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். வெறும் பிளாஸ்டிக் படலத்தின் வழியே வாயு மெதுவாக ஊர்ந்து போய்விடும். உலோகப் பூச்சு அதைப் பெருமளவு தடுக்கிறது, வெளிச்சத்தையும் மறைக்கிறது. உள்ளே நைட்ரஜன் அடைத்துவிட்டால் மாதக்கணக்கில் மொறுமொறுப்பு போகாது. உண்மையிலேயே நல்ல பொறியியல். அதை வடிவமைத்தவர் கேட்டுக்கொண்ட ஒரே கேள்வி, சாப்பிடும் வரை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான். சாப்பிட்ட பிறகு என்ன என்று அவரை யாரும் கேட்கவில்லை.

எல்லாப் பண்டத்துக்கும் இந்தக் கவசம் தேவையா என்பது வேறு. அல்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. மேலே நெய் வேறு. கெடாமல் இருக்கும் வித்தை அல்வாவுக்குள்ளேயே இருப்பதால், சில நாளைக்கு ஓர் இலையும் காகிதமும் போதும். ஆனால் இன்று ஊருக்கு எடுத்துப்போகிற அல்வாவுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள், மேலே அட்டைப்பெட்டி, அதற்கு மேலே பளபளப்பு, அதைப் போட ஒரு பை. உடன்குடிக் கருப்பட்டி வேறு மாதிரி. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், மழைக்காலத்தில் கசியும். ஓலைப்பெட்டியில் வைத்து அடுப்புக்கு மேலே பரணில் போட்டாள் எங்கள் ஆச்சி. அதனால் பழையதெல்லாம் உசத்தி, புதியதெல்லாம் அநியாயம் என்று சொல்ல நான் வரவில்லை. பண்டத்துக்கு என்ன காவல் வேண்டுமோ அதற்கு மேல் சுற்றுவதுதான் மிகை.

பிரித்த குப்பையோடு போன மாதம், பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போனேன். பெட் பாட்டில், பால் கவர், எண்ணெய் டப்பா எல்லாம் தராசில் ஏறின. சிப்ஸ், பிஸ்கட் கவர்களையும் ஷாம்பூ பொட்டலங்களையும் மட்டும் கடைக்காரர் ஓரமாகத் தள்ளினார்.

“இத ஏன் அண்ணாச்சி விட்டுட்டீங்க?”

“அத எடுத்து நான் என்ன சார் செய்ய? எங்கிட்ட வாங்குதவனும் எடுக்க மாட்டேங்கான்.”

ஒரு வரியில் மறுசுழற்சியின் பொருளாதாரத்தையே சொல்லிவிட்டார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஐம்பது சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். ஷாம்பூ பொட்டலம் ஒன்று ஒரு கிராம் கூட இருக்காது. ஒரு கிலோ சேர்க்க ஆயிரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். பொறுக்கினாலும் வாங்க ஆளில்லை, ஏனென்றால் அடுக்குகளைப் பிரிக்கும் செலவு கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம். பால் கவருக்கு விலை கிடைப்பதற்குக் காரணம், அது முழுக்கப் பாலிஎத்திலீன் வகை. கழுவி உருக்கினால் குருணையாகிவிடும். இரண்டையும் பிரித்துக் கொடுத்தது நான்தான், என் உழைப்பில் குறைவில்லை. ஒன்று விலை போனது, ஒன்று போகவில்லை. அதைத் தீர்மானித்தது நான் இல்லை, மாநகராட்சியும் இல்லை. எத்தனை அடுக்கு, எந்தப் பசை என்று ஆலையில் முடிவெடுத்த அன்றே தீர்ந்துபோன விஷயம் அது.

அந்தப் பொட்டலம் பிறந்ததில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு பாட்டில் வாங்க முடியாதவரும் ஒரு தடவைக்கு வாங்கலாம் என்று சின்னப் பொட்டலத்தை நாட்டுக்குப் பழக்கியவர்களில் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணனை முன்னோடியாகச் சொல்வார்கள். பின்னால் அவர் பிள்ளைகள் அதே வழியில் ஷாம்பூ விற்றார்கள். தினக்கூலிக்கு அது பெரிய வசதி. இன்றும் எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. ஒரு ரூபாய்க்கு ஷாம்பூ வாங்கும் அக்காவிடம் போய், நீ ஏன் பெரிய பாட்டிலாக வாங்கவில்லை என்று கேட்பது அசட்டுத்தனம்.

தயாரித்தவரே பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு ஒரு பெயர் வைத்து 1990இல் எழுதியவர் ஸ்வீடனின் தாமஸ் லிண்ட்குவிஸ்ட். அடுத்த ஆண்டே ஜெர்மனி அதைச் சட்டமாக்கியது: பொதி சுற்றியவர் பொதியைத் திருப்பி எடுக்கும் செலவையும் ஏற்க வேண்டும். தமிழில் ‘விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். வாய்க்குள் நுழையாவிட்டாலும் உள்ளே இருப்பது டீக்கடைப் பெரியவர் சொன்னதுதான். இதன் சூட்சுமம் தண்டனையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. குப்பையை அள்ளும் செலவு ஊராட்சியின் தலையில் இருக்கும்வரை ஆலைக்கு ஐந்து அடுக்கும் ஒன்றுதான், ஓர் அடுக்கும் ஒன்றுதான். செலவு ஆலைக்குத் திரும்பினால், அடுத்த முறை பாக்கெட்டை வரைகிறவர் கையில் பென்சில் கொஞ்சம் தயங்கும்.

இந்தியாவில் 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் இந்தப் பொறுப்பு தெளிவாகவே இடம்பெற்றது. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டில் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். 2018 திருத்தத்தில் அந்த வரியோடு சில சொற்கள் சேர்ந்தன: மறுசுழற்சிக்கும் ஆகாத, எரித்து ஆற்றல் எடுக்கவும் முடியாத, மாற்றுப் பயனும் இல்லாத பிளாஸ்டிக்கை மட்டும் நிறுத்தினால் போதும். எரியாத சிப்ஸ் பாக்கெட்டை யாராவது பார்த்ததுண்டா? தடை காகிதத்தில் அப்படியே இருந்தது, தடை செய்யப் பொருள்தான் இல்லாமல் போயிற்று.

2022 பிப்ரவரியில் புதிய வழிகாட்டுதல் வந்தது. பாட்டில், டப்பா போன்ற கெட்டியானவை முதல் வகை. வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் கவர்கள், ஓர் அடுக்கானாலும் பலவானாலும், இரண்டாவது. பிளாஸ்டிக்கோடு வேறு பொருளும் சேர்ந்த பல அடுக்கு மூன்றாவது. மக்கும் பிளாஸ்டிக் நான்காவது. 2024–25இல் முதல் வகையில் குறைந்தது 50 சதவீதத்தை மறுசுழற்சி செய்ய வேண்டும். 2027–28இல் அது 80 ஆகும். பல அடுக்குக்கு 30இல் தொடங்கி 60. மிச்சத்தைத் தார்ச்சாலைக்கோ சிமெண்ட் சூளைக்கோ அனுப்பலாம். கம்பெனிக்காரர் தெருத்தெருவாக வந்து பொறுக்க வேண்டியதில்லை. மறுசுழற்சி செய்பவர் எத்தனை டன் செய்தாரோ அதற்குச் சான்றிதழ் பெறுவார், அதைக் கம்பெனி விலைக்கு வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளும். சான்றிதழ் பொய்யானால் எல்லாம் பொய். நடந்தும் இருக்கிறது, லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டுபிடித்தது.

தார்ச்சாலை வழி நம் பக்கத்து மதுரையில் பிறந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ஆர். வாசுதேவன் கண்டது; அவர் 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் உருகி மேலே படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு தார் இறுகப் பிடிக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. சிமெண்ட் சூளை இன்னும் சூடு. தாழையூத்துப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருக்கும் அந்த வகை ஆலைகளில் சுண்ணாம்புக்கல் கலவை 1,450 டிகிரி வரை போகும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பாலிஎத்திலீனில் நிலக்கரியைவிட வெப்பம் அதிகம் என்பதால் அது எரிபொருளாகிறது. வேப்பமரத்தடியில் கூட்டிவைத்துக் கொளுத்துவதைவிட இரண்டும் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் இரண்டிலும் பொருள் ஒரே தடவையில் தீர்ந்துவிடுகிறது. அடுத்த பாக்கெட்டுக்கு மறுபடி கச்சா எண்ணெய்தான்.

அப்படியானால் வீட்டில் நாம் கைகழுவிவிடலாமா என்றால், இல்லை. பழைய சாம்பாரோடு முடிச்சுப் போட்டுக் கொடுத்த பால் கவரை எந்த ஆக்கர் கடையும் எடுக்காது. ஈரமும் எண்ணெயும் ஏறிய பிளாஸ்டிக்கைக் கழுவும் செலவே அதன் விலையைத் தின்றுவிடும். மக்கும் குப்பையோடு கலந்தால் உரமும் கெடும். எங்கள் மாநகராட்சியின் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கில் அடிக்கடி தீப்பிடிப்பதற்கும் கலவைக் குப்பைதான் எரிபொருள். ஒரு துளி வேலை சொல்கிறேன், பால் கவரின் மூலையை முழுதாகக் கத்தரிக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்த நகத்தளவுத் துணுக்கு தனியே விழுந்தால் யார் கையிலும் அகப்படாமல் வாய்க்கால் வழியே தாமிரபரணிக்குப் போய்விடும்.

2019 ஜனவரியில் தமிழ்நாடு 14 வகைப் பிளாஸ்டிக்கை நிறுத்தியபோது முதலில் அடிபட்டது பையும் கப்பும் விற்ற சின்ன வியாபாரிகள்தான். ஆலையிலேயே அடைத்து வரும் பாக்கெட்டுகளுக்கு அப்போது விலக்கு. 2020 ஜூனில் அந்த விலக்கை அரசு நீக்கியது. அண்ணாச்சி கடைச் சரம் அதன்பிறகும் இறங்கவில்லை.

ஆக்கர் கடைக்காரர் ஓரம் தள்ளியதை எல்லாம் மறுபடி பையில் அள்ளிக்கொண்டு வந்தேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பல அடுக்குப் பொதியில் தயாரித்தவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்பது 2016 விதி. ஒரு கவரில் அதைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி தேட வேண்டியதாயிற்று. மடிப்புக்குள் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. அதற்குப் பக்கத்தில், கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவில், ஒரு மனிதன் குனிந்து குப்பைத் தொட்டியில் எதையோ போடுகிற படம்.